சிகாகோ ஆற்றில் கட்டடம் பார்க்கும் படகு: ஒரு சைட் இன்ஜினியரின் மதிப்புரை

சிகாகோவில் ஒரே ஒரு டிக்கெட்டுக்குத்தான் காசு செலவழிப்பேன் என்று கங்கணம் கட்டிக்கொண்டு வருகிறவரா நீங்கள்? அந்தக் காசை ஆற்றுப் படகில் போடுங்கள். மீதியைக் கால்நடையாகவே பார்த்துவிடலாம், அதுவும் இலவசமாக. நான் கட்டுமானத் துறையில் சைட் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவன். அதனால் இந்த மதிப்புரையில் சிமெண்ட் வாடை கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகள் அங்கே வேலை பார்க்கிறாள். நானும் மனைவியும் அக்டோபர் கடைசியில் போயிருந்தோம். ஆற்றில் கட்டடச் சுற்றுலா நடத்தும் கம்பெனிகள் பல உண்டு. நாங்கள் ஏறியது சிகாகோ ஆர்க்கிடெக்சர் சென்டரின் படகு. மிச்சிகன் அவென்யூ பாலத்தின் தெற்கு முனையில், வேக்கர் டிரைவிலிருந்து படி இறங்கினால் படகுத்துறை. பயணம் 90 நிமிடம். கட்டணம் தலைக்கு 50 டாலருக்கு மேல், நாளையும் நேரத்தையும் பொறுத்து மாறும். ரூபாயில் மாற்றிப் பார்த்தால் வயிறு எரியும், மாற்றாதீர்கள்.

இந்தப் படகின் பலமே மைக்கைப் பிடிக்கிற ஆள்தான். சம்பளத்துக்கு வருகிற வழிகாட்டி இல்லை. முறையாகப் பயிற்சி பெற்ற தன்னார்வலர். எங்களுக்கு வாய்த்தவர் என் வயதை ஒட்டிய ஓர் அம்மா. கட்டடத்தின் பெயர், மாடி எண்ணிக்கை, கட்டிய ஆண்டு என்று ஒப்பித்துவிட்டுப் போகாமல், அது ஏன் அந்த இடத்தில் அந்த வடிவத்தில் நிற்கிறது என்று சொன்னார். எனக்கு வேண்டியதும் அதுதான்.

ஊரின் கதையிலிருந்தே ஆரம்பித்தார். சிகாகோ நிற்பது சதுப்பு நிலத்தில். 1850-60களில் சாக்கடை ஓட வழியில்லாமல் தெருமட்டத்தையே உயர்த்தினார்கள். அப்போது இருந்த கட்டடங்களை என்ன செய்வது? அடியில் திருகு ஜாக்கிகளை வரிசையாக வைத்து, அப்படியே தூக்கியிருக்கிறார்கள். இப்போது நம் பக்கம் ரோடு உயர்ந்து வீடு பள்ளத்தில் போனதும் ஜாக்கி வைத்துத் தூக்குகிறார்களே, அதே வேலை. 1871 அக்டோபரில் பெரிய தீ. சுமார் 300 பேர் இறந்தார்கள், ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் வீடிழந்தார்கள். வெறும் மனையாகிப்போன நகரத்தின் நடுப்பகுதியில்தான் உயரக் கட்டடம் என்ற யோசனையே வளர்ந்தது. அப்புறம் 1900இல், கழிவு மிச்சிகன் ஏரியில் கலந்து குடிநீரைக் கெடுக்கிறது என்று, கால்வாய் வெட்டி ஆற்றையே எதிர்த்திசையில் ஓட வைத்தார்கள். நாங்கள் மிதந்துகொண்டிருந்த தண்ணீர் அதுதான். ஏரிக்குள் விழ வேண்டியது, ஏரியிலிருந்து வெளியே போகிறது.

போவதென்றால் இலையுதிர் காலத்தில் போங்கள். காரணம், வெயில். அக்டோபர் கடைசியில் சூரியன் உச்சிக்கு வருவதே இல்லை. தெற்கே சாய்ந்தே நகர்ந்து, மாலை 6 மணிக்குள் மறைந்துவிடுகிறது. சாய்ந்த வெயில் சுவரில் விழும்போதுதான் முகப்பு வேலையின் மேடு பள்ளம் எல்லாம் நிழல் விட்டுத் தெரியும். பூச்சு வேலை சரியாக இருக்கிறதா என்று சுவரோடு ஒட்டி டார்ச் அடித்துப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். அதனால் பிற்பகல் 3 மணி வாக்கில் கிளம்பும் படகாகப் பார்த்து எடுங்கள். போகும்போது வெயில் முகத்தில் அடிக்கும். திரும்பும்போது முதுகுப் பக்கம் போய், எதிரே உள்ள கட்டடங்கள் எல்லாம் ஒளிர ஆரம்பிக்கும்.

ரிக்லி பில்டிங்கை அந்த நேரத்தில் பார்க்க வேண்டும். 1920களில் கட்டியது. முகப்பு முழுவதும் மெருகேற்றிய சுடுமண் ஓடுகள். எல்லாம் ஒரே வெள்ளை இல்லை. ஆறு விதமான வெள்ளை. கீழே மங்கலாகத் தொடங்கி, மேலே போகப் போக வெளுத்துக்கொண்டே போகிறது. சொன்ன பிறகுதான் தெரிகிறது, தெரிந்த பிறகு கண்ணை எடுக்க முடியவில்லை.

மெரினா சிட்டிக்கு ஊரார் வைத்த பெயர் சோளக்கதிர். 1960களில் பெர்ட்ரண்ட் கோல்ட்பெர்க் வடிவமைத்த இரட்டைக் கோபுரம். கீழே 19 மாடிகள் சுழன்று ஏறும் கார் நிறுத்தம், அதற்கு மேலேதான் வீடுகள். கார்களின் பின்பக்கம் விளிம்பில் வரிசையாகத் தெரிவதைப் பார்த்தால் நமக்கு அடிவயிறு கலங்குகிறது. ஒவ்வொரு பால்கனியும் இதழ் மாதிரி வளைந்து வெளியே நீள்கிறது. மனைவி முழங்கையால் இடித்து, “ஏங்க, இதுக்கு எப்படி சென்ட்ரிங் அடிச்சிருப்பாங்க?” என்றாள். இத்தனை வருஷம் என்னோடு குடித்தனம் நடத்தியவள் கேட்க வேண்டிய கேள்விதான். நடுத்தண்டை முதலில் ஏற்றிவிட்டு, அதைச் சுற்றித் தளம் போட்டுக்கொண்டே போயிருக்கிறார்கள். வீட்டு மாடிகள் எல்லாம் ஒரே அளவு என்பதால் ஒரே சென்ட்ரிங் அச்சைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். வளைவு பார்க்கப் பயமுறுத்தும். எண்ணிக்கை கூடினால் செலவு படியும்.

என்னை உண்மையிலேயே எழுந்து நிற்க வைத்தது ஆறு மூன்றாகப் பிரியும் இடத்தருகே உள்ள 150 நார்த் ரிவர்சைடு. 2017இல் முடிந்தது, 54 மாடி. ஒரு பக்கம் ரயில் தண்டவாளம், மறுபக்கம் ஆறு. கரையை ஒட்டி மக்களுக்கு நடைபாதை விட வேண்டும் என்பது விதி. மிஞ்சிய துண்டு நிலத்தில் ஒன்றும் கட்ட முடியாது என்று பல காலம் சும்மா கிடந்ததாம். இவர்கள் நடுவில் மெல்லிய இடுப்பை மட்டும் தரையில் ஊன்றி, முதல் சில மாடிகளிலேயே இரண்டு பக்கமும் சாய்வாக விரித்து, மேலே முழு அகலத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இவ்வளவு ஒல்லியான அடியில் நிற்கிற கட்டடம் காற்றுக்கு ஆடாதா? உச்சியில் பெரிய தண்ணீர்த் தொட்டிகள் இருக்கின்றன. கட்டடம் ஒரு பக்கம் சாய, உள்ளே தண்ணீர் பின்தங்கி எதிர்ப்பக்கம் அலம்பி, ஆட்டத்தைக் குறைக்கிறது. படகு தாண்டிப் போன பிறகும் நான் திரும்பித் திரும்பி அந்த அடிப்பாகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து இருக்கைக்காரர் சிரித்தார். சிரித்தால் சிரிக்கட்டும்.

தெற்குக் கிளையில் திரும்பினால் வில்லிஸ் டவர். உள்ளூர்க்காரர்கள் இன்னும் சியர்ஸ் டவர் என்றுதான் சொல்கிறார்கள். 110 மாடி, 442 மீட்டர். இதன் பொறியாளர் ஃபஸ்லுர் ரஹ்மான் கான், டாக்காவில் பிறந்தவர். ஒன்பது சதுரக் குழாய்களை ஒன்றாகக் கட்டி நிறுத்தினால் ஒன்றுக்கொன்று தாங்கிக்கொள்ளும் என்பது அவர் யோசனை. இரண்டு குழாய் 50ஆவது மாடியோடு நின்றுவிடுகிறது, இரண்டு 66இல், மூன்று 90இல், மிச்சம் இரண்டு மட்டும் உச்சிவரை. கல்லூரியில் பாடமாகப் படித்ததை ஆற்றிலிருந்து அண்ணாந்து பார்த்தபோது கழுத்து வலித்தது. ஆனாலும் குனிய மனமில்லை.

குறை இல்லாமல் இல்லை. மேல்தளம் திறந்தவெளி. பாலங்களுக்கு அடியில் போகும்போது காற்று எலும்புவரை போகிறது. கீழ்த்தளத்தில் கண்ணாடிக்குள் உட்கார்ந்தால் குளிராது, ஆனால் உயரம் எதுவும் முழுதாகத் தெரியாது. அதற்கு வீட்டிலேயே இருக்கலாம். ஸ்வெட்டர், அதற்கு மேல் காற்றுப் புகாத கோட், காதை மூடும் குல்லா. இதெல்லாம் இருந்தால் மேலே உட்காருங்கள். ஆங்கிலம் வேகமாகப் பேசினால் பிடிபடாதவர்கள் கொஞ்சம் திணறுவார்கள். கழிவறை படகிலேயே இருக்கிறது. எங்கள் வயதுக்காரர்களுக்கு இது முக்கியத் தகவல்.

ஒப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்பதற்காக இதையும் சேர்க்கிறேன். மகள் ஆசைப்பட்டாளே என்று உயரத்திலிருந்து ஊரைப் பார்க்கும் ஒரு தளத்துக்கும் டிக்கெட் எடுத்தோம். எந்தக் கட்டடம் என்று சொல்லவில்லை. லிஃப்டுக்கு நீண்ட வரிசை, மேலே போனால் மேகம். கண்ணாடிக்கு வெளியே பஞ்சு தவிர ஒன்றும் இல்லை, பணமும் திரும்ப வராது. இலையுதிர் காலத்தில் மேகமூட்டம் சகஜம், அதனால் உயரத்துக்கு முன்கூட்டியே காசு கட்டாதீர்கள். படகுக்கு இந்தத் தொல்லை குறைவு. மேகம் உச்சிகளை மறைத்தாலும் அடிப்பாகங்கள் கண்ணெதிரே நிற்கும், கட்டடத்தின் சூட்சுமம் பாதி அங்கேதான்.

சரி, பூங்காக்கள். மில்லேனியம் பார்க்குக்குப் போகிற எல்லோரும் அனிஷ் கபூரின் ‘பீன்’ சிற்பத்தின் முன்னால் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். 168 எஃகுத் தகடுகளை ஒட்டவைத்து, ஒட்டு தெரியாமல் தேய்த்த வேலை அது, நின்று பார்க்கத்தக்கதுதான். ஆனால் அங்கிருந்து சில நிமிட நடையில் லூரி கார்டன் இருக்கிறது, அக்டோபரில் அதற்குத்தான் என் ஓட்டு. முதலில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: இந்தப் பூங்கா முழுவதும் கார் நிறுத்தத்துக்கும் ரயில் பாதைக்கும் மேலே போட்ட கூரை. பாரம் ஏறக்கூடாது என்று மேடுகளுக்கு அடியில் மண்ணுக்குப் பதில் தெர்மாகோல் வகைக் கட்டிகளை அடுக்கியிருக்கிறார்கள். வாட்டர்ப்ரூஃபிங் செய்தவரைக் கண்டால் கை குலுக்குவேன்.

செடிகளைத் தேர்ந்தெடுத்தவர் டச்சுக்காரர் பீட் அவுடால்ஃப். பூ உதிர்ந்ததும் வெட்டி எறிவதில்லை. காய்ந்ததும் அழகுதான் என்று குளிர்காலம் முடியும்வரை அப்படியே நிற்க விடுகிறார்கள். கோன்ஃபிளவர் பூவின் இதழெல்லாம் போய், நடுவில் கறுத்த முள்பந்து மட்டும் தண்டில் நிற்கிறது. விரலால் தொட்டால் குத்துகிறது. எங்கள் எதிரிலேயே ஒரு சின்னக் குருவி தண்டில் தொங்கியபடி அந்தப் பந்திலிருந்து விதையைப் பிடுங்கித் தின்றது; தண்டு வளைந்ததே தவிர ஒடியவில்லை. சுற்றிலும் இடுப்பளவு புல், செங்கல் நிறத்துக்கு மாறியிருந்தது. அந்தப் புல்லுக்கு மேலே தலையைத் தூக்கினால் கண்ணாடிக் கோபுரங்கள்.

தோட்டத்துக்கு அடுத்த தெருவைத் தாண்டினால் ஆர்ட் இன்ஸ்டிடியூட் என்ற கலை அருங்காட்சியகம். 1893இல் விவேகானந்தர் பேசிய கட்டடம் அதுதான். அவரைப் போகச் சொல்லி ஊக்கியவர்களில் ராமநாதபுரம் சேதுபதியும் ஒருவர் என்பதால் நமக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. சிங்கச் சிலைகள் பக்கத்தில் நின்று ஒரு படம், கட்டாயம்.

மனைவிக்குப் பிடித்தது லிங்கன் பார்க்கில் உள்ள ஆல்ஃப்ரெட் கால்ட்வெல் லில்லி குளம். நுழைவுக் கட்டணம் இல்லை. 1930களில் கால்ட்வெல் இதை வடிவமைத்தபோது காட்டுச் செடிகள் வாங்கப் பணம் போதவில்லை. தன் ஆயுள் காப்பீட்டுப் பாலிசியை ஒப்படைத்து, கிடைத்த 250 டாலருக்குச் செடி வாங்கி வந்து நட்டாராம். எல்.ஐ.சி. பாலிசியை நான் அப்படிச் செய்திருந்தால் இவள் விட்டிருப்பாளா என்று கேட்டேன். “குளம் இவ்வளவு அழகா வந்திருந்தா விட்டிருப்பேன்” என்றாள். பாறையைப் படிவு படிவாகக் கிடைமட்டமாக அடுக்கியிருக்கிறார்கள். ஆற்று நீர் அறுத்த மாதிரியே இருக்கிறது, கொத்தனார் கை பட்டதே தெரியவில்லை. தண்ணீரில் மஞ்சள் இலை மிதந்துகொண்டே இருந்தது. அந்த மஞ்சள் புதிதாக வருவதில்லை, இலைக்குள் முன்பே இருப்பது. பச்சையம் சிதைந்ததும் வெளியே தெரிகிறது. சிவப்பு மட்டும் அந்தச் சமயத்தில் உருவாவது. பகலில் நல்ல வெயிலும் இரவில் குளிரும் மாறி மாறி வந்தால் சிவப்பு தூக்கலாக இருக்கும். மூட்டு வலிக்காரர்கள் மெதுவாக நடங்கள், ஈர இலை கல்லில் வழுக்கும்.

போகிறவர்களுக்கு இரண்டு தகவல். அக்டோபரில் ஒரு வார இறுதியில் ‘ஓப்பன் ஹவுஸ் சிகாகோ’ நடக்கும். மற்ற நாட்களில் பூட்டியிருக்கும் பல கட்டடங்களுக்குள் இலவசமாகப் போகலாம். எங்கள் பயணத் தேதி ஒத்துவரவில்லை, அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். இன்னொன்று, குளிருக்கு முன் ஏரியில் உள்ள பாய்மரப் படகுகளை ஆற்றின் வழியே கிடங்குக்குக் கொண்டுபோவார்கள். அதற்காகப் புதன், சனிக்கிழமைகளில் காலையில் பாலங்கள் ஒவ்வொன்றாக வாய் பிளக்கும். கரையில் நின்று பார்க்கக் காசு கேட்க மாட்டார்கள்.

மழை வந்துவிட்டால் கல்ச்சுரல் சென்டருக்குள் ஒதுங்குங்கள். 1897இல் கட்டியது, டிஃப்பனி கண்ணாடிக் குவிமாடம், இதுவும் இலவசம். லில்லி குளத்தை நவம்பர் நடுவாக்கில் மூடிவிடுவார்கள், படகும் குளிர்காலத்தில் ஓடாது. ஆகவே டிக்கெட் போடும்போது அக்டோபர் இரண்டாம் பாதியாகப் பார்த்துப் போடுங்கள்.