எக்கோ எடுக்க நல்ல இடம், ஆனா இளைப்போட வாற ஆக்களுக்கு அந்தப் படி ஆகாது

எக்கோவுக்கு (இதயத்த ஸ்கேன் பண்ணிப் பாக்கிறது) மட்டுமெண்டா யோசிக்காம இங்க போகலாம். டொக்டருக்கு அஞ்சு ஸ்டார், கவுண்டருக்கு ஒண்டு போடுறதே பெரிய விசயம், அதான் நடுவுல மூண்டு குடுத்திருக்கன்.

மாமிக்கு கொஞ்சக் காலமா நடந்தா இளைப்பு, முகமும் காலும் ஊதின மாதிரி. களுவாஞ்சிக்குடியில நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தா இதயம் பெருசாத் தெரியுது எக்கோ ஒண்டு செஞ்சு பாருங்க எண்டு துண்டு எழுதிக் குடுத்தாங்க, அதோட மட்டக்களப்பு டவுனுக்கு வந்து இங்க சனல் பண்ணின (காசு கட்டி டொக்டருக்கு நம்பர் எடுத்த) நாங்க. அதுக்குள்ள வீட்டுல இதயம் வீங்கிட்டு எண்டு ஒரு பாட்டம் அழுது முடிச்சாச்சு. எக்ஸ்ரேல இதயத்தையும் அதச் சுத்தி நிக்கிற தண்ணியையும் பிரிச்சுப் பாக்க ஏலாது, ரெண்டும் ஒரே வெள்ளை நிழலாத்தான் விழும், அதுவும் 200 மில்லிலீட்டர் அளவுக்காவது சேந்தாத்தான் பெருசாத் தெரியத் தொடங்கும். எது இதயம் எது தண்ணி எண்டு காட்டுறது எக்கோதான்.

இங்க எனக்குப் பிடிச்சது, டொக்டர் ஸ்கிரீன எங்கட பக்கம் திருப்பி வச்சிக் காட்டினதுதான். மாமிய இடப்பக்கம் சரிச்சுப் படுக்க வச்சி ஜெல் பூசி (சரியான குளிர், மாமி துள்ளிட்டா) நடுவுல துடிக்கிற சாம்பல் நிறத்தக் காட்டி இதுதான் இதயம், சுத்திக் கறுப்பா ஒரு பட்டி போகுது பாருங்க அதுதான் தண்ணி எண்டார். கறுப்புக்குக் குறுக்கால ரெண்டு புள்ளி வச்சி அளந்தா 13 மில்லிமீட்டர். 10க்குக் கீழ எண்டா சின்னன், 10இல இருந்து 20 நடுத்தரம், அதுக்கு மேல பெருசு. ரெண்டு மடிப்பு உறை ஒண்டுதான் இதயத்த மூடி இருக்காம், அதுக்குள்ள எல்லாருக்குமே 15 தொடக்கம் 50 மில்லிலீட்டர் தண்ணி இருக்குமாம், அது இதயம் உரசாம அசையிறதுக்கு.

மறுகா நான் கேட்டன், அப்ப எவ்வளவு சேந்தா ஆபத்து டொக்டர் எண்டு. அளவ விட வேகத்தத்தான் பாக்கணும் எண்டார். அந்த உறை புது லெதர் செருப்பு மாதிரி, மெல்ல மெல்ல இழுபட்டுக் குடுக்கும், திடீரெண்டு குடுக்காது. அடிபட்டு ரத்தம் கசிஞ்சு சட்டெண்டு 150, 200 மில்லிலீட்டர் சேந்தாலே இதயத்த நெரிச்சுப் போடும், ஆனா மாசக்கணக்கா மெல்லச் சேந்தா ஒரு லீட்டருக்கு மேல இருந்தும் ஆள் நடமாடுவாராம். நெரிக்குதா எண்டு பாக்கத்தான் இதயத்துட வலப்பக்கச் சுவர் உள்ளுக்கு மடியுதா, ஈரலுக்குக் கிட்ட இருக்கிற பெரிய நாளம் மூச்சு இழுக்கேக்க சுருங்காம நிக்குதா எண்டெல்லாம் நிண்டு பாத்தார். மாமிக்கு நெரிப்பு இல்ல, ஊசி போட்டு எடுக்கத் தேவையும் இல்ல.

காரணம்தான் முக்கியமாம். வைரஸ், காசநோய், கிட்னி வருத்தம், புற்றுநோய், லூப்பஸ் (உடம்பு தன்னையே தாக்குற வருத்தம்), இதய ஒப்பரேசனுக்குப் பிறகு எண்டு எதாலயும் வரும், அதால எல்லாருக்கும் ஒரே மருந்து இல்ல. மாமிட முகத்த ஒருக்கா வடிவாப் பாத்திட்டு "அம்மா, தைரொயிட் குளிசை ஏதும் போடுறீங்களா?" எண்டார். "அது முடிஞ்சி மனே, உடம்பு நல்லாத்தானே இருக்கெண்டு விட்டுட்டன்" எண்டு மாமி சாவகாசமாச் சொல்றா! எங்களுக்கே அது தெரியாது. தைரொயிட்டப் பாக்கிற டீஎஸ்எச் ரத்தப் பரிசோதனைக்கு எழுதித் தந்தார், ரிசல்ட் சரியான உச்சத்துல வந்திச்சி, அப்பிடியெண்டா தைரொயிட் ஹோர்மோன் குறைவு, அதாலதான் இந்தத் தண்ணி. இப்ப திரும்ப தைரொக்சின் எண்ட அந்த ஹோர்மோன் குளிசை, விடிய வெறும் வயித்துல போட்டு அரை மணித்தியாலமாவது கழிச்சித்தான் தேத்தண்ணி, அதுக்குத்தான் வீட்டுல பெரிய சண்டை. ஹோர்மோன் சரிவர தண்ணியும் மெல்ல வத்தும், ஆனா மாசக்கணக்காகும், எக்கோ திரும்பவும் எடுக்கணும்.

இனிக் குறை. எக்கோ அறை மேல் மாடியில, லிப்ட் இல்ல. இளைப்பெண்டு வாற ஆள படியேத்திப் போட்டு இதயம் பாக்கிறது என்ன நியாயம்? மாமி நடுப்படியில குந்திட்டா, ஒரு கதிரை கூட இல்ல. கவுண்டர்ல ரிப்போட்ட நீட்டேக்க அந்தப் பிள்ளை எல்லாருக்கும் கேக்க "ஹாட்ட சுத்தித் தண்ணியாம்" எண்டிட்டா, வரிசையில நிண்ட சனம் முழுக்க மாமிய ஒரு மாதிரிப் பாத்திச்சி. ரிப்போட்டும் முழுக்க இங்கிலீஷ், டொக்டர் ஏற்கனவே விளங்கப்படுத்தினதால தப்பினம். உங்களுக்கு ஆரும் சொல்லாட்டி டம்பொனாட் எண்ட சொல்லுக்கு முன்னுக்கு நோ எண்டு கிடக்கா எண்டு பாருங்க, அதுதான் அந்த நெரிப்பு. விளங்காட்டி திரும்ப உள்ள போய்க் கேளுங்க, டொக்டர் ஏசமாட்டார். பொம்பளைகளுக்கு திரை இருக்கு, உதவிக்கு ஒரு பொம்பளை ஆளும் நிக்கிறா, அது நல்லம்.

படுத்தா மூச்சு முட்டுது, முன்னுக்குக் குனிஞ்சு இருந்தாத்தான் சுகம், கழுத்து நரம்பு புடைக்குது, தலை சுத்தி வேர்க்குது எண்டா இங்க நம்பர் எடுத்துக் காத்திருக்காதீங்க, 1990 அம்புலன்ஸ் நம்பருக்கு அடிச்சி நேர பெரியாஸ்பத்திரிக்குப் போங்க, அம்புலன்ஸுக்குக் காசு இல்ல. மற்றப்படி வாறண்டா போடுற குளிசை, போட்டு விட்ட குளிசை எல்லாத்தையும் ஒரு பேக்ல கொண்டு வாங்க. கார்ட் எடுக்கிறாங்க இல்ல, காசாத்தான் கட்டணும்.