பினோக்கியோ மாஸ்க்: பல கோடைகள் போட்டுப் பார்த்த பிறகு

இத்தாலியின் ஜெனோவாவுக்குக் குடிவந்ததிலிருந்து கடலில் இறங்க நான் போடுவது, கண்ணையும் மூக்கையும் மூடும் நீச்சல் கண்ணாடியான பினோக்கியோ மாஸ்க்தான். 1952-ல் இதே ஊரைச் சேர்ந்த கிரெஸ்ஸி நிறுவனம் கொண்டுவந்த மாடல் இது. லூய்ஜி ஃபெர்ராரோ வடிவமைத்தார். இரண்டாம் உலகப் போரில் இத்தாலியக் கடற்படையின் நீர்மூழ்கு வீரராக இருந்தவர். மாஸ்க் இன்னும் விற்பனையில் இருக்கிறது. இத்தனை காலம் கழித்தும் அதற்கு ஆள் இருப்பதற்குக் காரணம் அதன் மூக்குப் பை.

அதற்கு முன்னால் நிலைமை எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் அதன் அருமை புரியும். 1930-களில் பிரான்சின் தென்கரையில், ஆன்டீப் பக்கம், கய் கில்பாட்ரிக் என்ற அமெரிக்க எழுத்தாளர் விமானிகள் போடும் பழைய கண்ணாடியின் ஓட்டைகளைப் புட்டி எனும் அடைப்புப் பசையால் அடைத்து, மேலே பெயின்ட் பூசி, மீன் வேட்டைக்குப் போனார். கண்ணை மட்டும் மூடும் கண்ணாடியில் ஒரு சிக்கல். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல இரண்டு மடங்கு. உள்ளே அடைபட்ட காற்று சுருங்கும். கண்ணாடி கண்ணை உறிஞ்சி இழுக்கும். மூக்கு வெளியே இருப்பதால் உள்ளே காற்று விட வழியில்லை. அலெக் கிராமரென்கோ என்பவர் இதற்காகக் கண்ணாடியோடு சிறு ரப்பர் குமிழ்களை இணைத்தார். நீரழுத்தம் குமிழை அமுக்க, அதிலிருக்கும் காற்று கண்ணாடிக்குள் போகும். கெட்டிக்கார யோசனைதான். 1930-களின் இறுதியில் மாக்சிம் ஃபோர்ஜோ கண்ணையும் மூக்கையும் ஒரே கண்ணாடிக்குள் கொண்டுவந்ததும் அந்தச் சிக்கல் தீர்ந்தது: மூக்கால் கொஞ்சம் ஊதினால் போதும்.

ஆனால் காது? காதடைப்பை நீக்க மூக்கைப் பிடித்து ஊத வேண்டும், மூக்கோ கண்ணாடிக்குள்ளே. அதனால் மாஸ்க்கின் அடிப்பக்கத்தை மேலே தள்ளி நாசித் துவாரத்தை அடைப்பார்கள். நானும் அப்படிப்பட்ட ஒரு பழைய வட்ட மாஸ்க்கில் இதைச் செய்து பார்த்திருக்கிறேன். சற்று அதிகமாகத் தள்ளினால் தண்ணீர் உள்ளே வந்துவிடும். பினோக்கியோவில் மூக்குக்கென்று மெல்லிய ரப்பரில் தனிப் பை துருத்திக்கொண்டு நிற்கிறது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அதைப் பிடித்து அழுத்த, 'டப்' என்று காது திறக்கும். பிறகு வந்த மாஸ்க்குகளில் பெரும்பாலானவை இந்த யோசனையைத்தான் எடுத்துக்கொண்டன.

ஜெனோவாவுக்குக் கிழக்கே உள்ள சான் ஃப்ருத்துவோசோ விரிகுடாவில் 1954 ஆகஸ்டில் கடலடியில் வைத்த கிறிஸ்து சிலை சுமார் 17 மீட்டர் ஆழத்தில் கைகளை உயர்த்தி நிற்கிறது. தண்ணீர் தெளிந்த நாளில் மேலே மிதந்தபடியே தெரியும். அந்தக் கைகளை நோக்கித் தம் பிடித்து இறங்கும்போது மாஸ்க்கின் குணம் தெரிந்துவிடும். கண்ணாடிக்கும் முகத்துக்கும் நடுவே இடம் அதிகம்; அதை நிரப்பவே மார்பில் இருக்கும் காற்று கணிசமாகச் செலவாகிறது. ஆழம் போகிறவர்களுக்கு இன்றைய ஒட்டிய மாஸ்க்தான் சரி. மிதந்து பார்ப்பதற்கும், நாலைந்து மீட்டர் இறங்கி ஏறுவதற்கும் எனக்கு இதுவே பிடிக்கிறது. ரப்பர் முகத்தில் சொகுசாக உட்காரும். பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் கூசாது.

ஸ்நார்க்கல், அதாவது மிதந்தபடி மூச்சு விடும் குழாய், அந்த விஷயத்தில் என் பழமை மோகம் நின்றுவிடுகிறது. நுனியில் கூண்டும் உள்ளே பிங்-பாங் பந்தும் வைத்த 1950-களின் குழாய்களைக் காட்சிக்கு வைக்கலாம். கடலுக்கு எடுத்துப் போகாதீர்கள். மணலோ உப்போ சிக்கினால் பந்து சரியாக மூடாது, அல்லது ஒட்டிக்கொண்டு மூச்சை அடைக்கும். ஒரு முழத்துக்குக் குறைவான, வால்வே இல்லாத வளைந்த குழாய் போதும். தண்ணீர் ஏறினால் பலமாக ஊதித் தள்ளிவிடலாம். நீளக் குழாய் வைத்தால் ஆழத்திலிருந்தே மூச்சு விடலாம் என்று எண்ண வேண்டாம். நீர் மார்பை அமுக்கும்போது நெஞ்சால் காற்றை இழுக்க முடியாது, விட்ட மூச்சே குழாயில் தங்கித் திரும்ப வரும்.

அப்புறம், பராமரிப்பு. இயற்கை ரப்பருக்கு வெயில் எமன். நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, டால்கம் பவுடர் தூவி இருட்டில் வையுங்கள். பழைய பொருள் சந்தையில் வாங்குவதானால், பட்டையைக் கொக்கி அருகே வளைத்து இழுத்துப் பாருங்கள். மயிரிழை வெடிப்பு தெரிந்தால் அது அலமாரிக்குத்தான். ரப்பர் நன்றாக இருந்தால், பட்டை போடாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக உறிஞ்சுங்கள். கையை எடுத்த பிறகும் விழாமல் நின்றால் உங்கள் முகத்துக்குப் பொருந்துகிறது, வாங்கலாம்.