தெளிகனவுக்கு எந்த வழியில் தொடங்குவது? தோற்கும் இரவுகளை வைத்து ஓர் ஒப்பீடு

கனவு ஓடிக்கொண்டிருக்கும்போதே, இது கனவுதான் என்ற அறிவோடு அதற்குள் இருப்பதைத் தெளிகனவு என்கிறோம். இது வெறும் கற்பனை இல்லை என்பதற்கான முதல் ஆய்வுக்கூடச் சான்று 1975-இல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கிடைத்தது. ஆலன் வோர்ஸ்லி என்பவர் உறக்கத்தில் இருந்தவாறே, முன்கூட்டிப் பேசிவைத்த முறையில் கண்களை இடமும் வலமுமாக அசைத்துத் தாம் கனவுக்குள் தெளிவாக இருப்பதைத் தெரிவிக்க, ஆய்வாளர் கீத் ஹெர்ன் அந்த அசைவுகளைக் கருவியில் பதிவு செய்தார். சில ஆண்டுகளுக்குப் பின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் லாபெர்ஜும் தனித்து இதே முடிவுக்கு வந்தார். ஆகவே இது இயலுமா என்ற விவாதத்துக்கு இப்போது வேலை இல்லை. புதிதாகத் தொடங்குபவர் முன் நிற்கும் கேள்வி, கண்ணில் படும் பல வழிகளில் எதைப் பிடித்துக்கொள்வது என்பதுதான்.

நிஜச் சோதனை (பகலில், இது கனவா என்று சோதித்துப் பார்ப்பது), மைல்ட் (MILD, கனவு என்று அறிய வேண்டும் என்ற எண்ணத்தை மனத்தில் முடிந்துகொண்டு உறங்குவது), வைல்ட் (WILD, விழிப்பு அறுபடாமலே கனவுக்குள் நுழைவது), கருவியும் மருந்தும் என்று அந்த வழிகளை நான்காகப் பிரிக்கலாம். நான் தேர்ந்தெடுத்ததும் இன்றுவரை விடாமல் தொடர்வதும் மைல்ட் என்பதால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்தே இருக்கும். அந்தச் சாய்வுக்குக் காரணம், எது விரைவில் பலன் தரும் என்ற கணக்கைக் காட்டிலும், பலன் தராத இரவுகளில் எது நம்மை எப்படி விட்டுச் செல்கிறது என்ற கணக்கையே நான் பெரிதாக எண்ணுவதாகும்.

இதற்கு அடிப்படையாக ஓர் ஆய்வு முடிவைச் சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டென்ஹோம் ஆஸ்பியும் அவருடைய குழுவினரும் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், நிஜச் சோதனை, அதிகாலையில் எழுந்து மீண்டும் உறங்குதல், மைல்ட் ஆகிய மூன்றையும் சேர்த்துச் செய்தவர்களுக்கு ஒரு வாரக் காலத்தில் கிடைத்த வெற்றி விகிதம் ஏறத்தாழ 17 சதவீதம். இந்தத் துறையில் இது நல்ல விளைவு என்றே கருதப்பட்டது. ஆனால் அதே எண்ணை மறுபக்கமிருந்து பார்த்தால், முறையாகச் செய்பவருக்கும் ஆறு இரவுகளில் ஐந்து இரவுகள் வெறும் இரவுகளாகவே கழிகின்றன என்று பொருள். அந்த ஐந்து இரவுகளும் உறக்கத்தைக் கெடுத்து, மறுநாளைச் சோர்வாக்கி, படுக்கைக்குப் போவதையே ஒரு பரீட்சைபோல ஆக்கிவிட்டால், ஆறாவது இரவுவரை யாரும் தாக்குப்பிடிக்க மாட்டார்கள். தொடங்குபவர்கள் பெரும்பாலும் கைவிடுவதற்குக் காரணம் திறமைக் குறைவு என்று நான் நினைக்கவில்லை. தாங்க முடியாத முறையைத் தேர்ந்துகொண்டதே காரணம் என்று நினைக்கிறேன்.

எந்த வழியில் போனாலும் தேவைப்படுவது கனவுக் குறிப்பேடு. அதைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. கண் விழித்ததும் உடலை அசைக்காமல் கனவை நினைவுகூர்ந்து, பிறகு எழுத வேண்டும். காலையில் ஒரு கனவுகூட நினைவில் தங்காதவருக்குத் தெளிகனவு வந்தாலும் அது நினைவில் நிற்காமல் போகலாம் என்பதால், சில வாரங்கள் இதை மட்டுமே செய்வது நல்லது.

நிஜச் சோதனையில் தொடங்குகிறேன், ஏனெனில் பெரும்பாலோரும் அதிலிருந்தே தொடங்குகிறார்கள். பகலில் அவ்வப்போது, நான் இப்போது கனவில் இருக்கிறேனா என்று கேட்டுக்கொண்டு சோதித்துப் பார்ப்பதே இது. எழுத்து வரியொன்றைப் படித்துவிட்டுப் பார்வையை விலக்கி மீண்டும் படித்தால், கனவில் பெரும்பாலும் எழுத்துகள் மாறியிருக்கும். மூக்கைப் பிடித்து வாயை மூடிக்கொண்டு மூச்சிழுத்தால், கனவில் காற்று தடையின்றி உள்ளே போகும். ஜெர்மானிய உளவியலாளர் பால் தோலி இந்தக் கேள்வியை வெறும் சடங்காக விடாமல், சற்றுமுன் என்ன நடந்தது, இங்கே எப்படி வந்தேன் என்று உண்மையாக ஆராயும் மனநிலையாகவே பயில வேண்டும் என்று வற்புறுத்தினார். இந்த முறை உறக்கத்தைத் தொடுவதே இல்லை என்பதால், தோற்ற இரவின் விலை இதில் சுழியம். இவ்வளவு நல்ல முறை ஏன் எனக்கு முதலிடத்தில் இல்லை என்றால், தனியாகச் செய்தால் பலன் மிகவும் மெதுவாக வருகிறது. மேலே சொன்ன ஆய்விலும் நிஜச் சோதனையை மட்டும் செய்தவர்களிடம் அந்த ஒரு வாரத்தில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் தெரியவில்லை. ஒரு வாரம் என்பது இதற்குக் குறுகிய காலம் என்ற வாதம் நியாயமானதே. ஆனாலும் நாள்தோறும் பலமுறை செய்யும் செயல் சில வாரங்களில் இயந்திரத்தனமாகிவிடுகிறது. கை மூக்கைப் பிடிக்கிறது, மனம் வேறெங்கோ இருக்கிறது. அப்படிப் பழகிய சோதனை கனவிலும் அவ்வாறே நடந்து, காற்று உள்ளே போவதைக் கவனிக்காமலே கடந்துவிடுகிறது.

வைல்ட் என்பது இதற்கு நேர் எதிர்முனை. விழிப்பு அறுபடாமலே, உடலை மட்டும் உறங்கவிட்டுக் கனவுக்குள் நுழைவது. மூடிய கண்களுக்கு முன் முதலில் நிறத் திட்டுகளும், பிறகு துண்டு துண்டான காட்சிகளும் தோன்றி, ஒரு கட்டத்தில் அவை நம்மைச் சூழ்ந்த இடமாகிவிடும். கைகூடினால் இதைவிட வியப்பானது வேறில்லை என்று சொல்பவர்களை நான் நம்புகிறேன். எனக்கு இதில் அனுபவம் குறைவு. தீவிரமாகப் பயின்றவர்களின் சொல்லுக்கு என் சொல்லைவிட அதிக மதிப்புக் கொடுக்க வேண்டும். ஆனால் தொடங்குபவருக்கு இதை நான் பரிந்துரைக்காததற்குக் காரணம் தெளிவானது. இதில் தோல்வி என்பது இருளில் அசையாமல் கிடந்து, உறக்கத்தைக் கவனித்துக்கொண்டே இருந்ததால் உறக்கமே வராமல் போவது. கவனிப்பு கொஞ்சம் கூடினால் விழித்தே கிடக்கிறோம், கொஞ்சம் குறைந்தால் சாதாரணமாக உறங்கிவிடுகிறோம். அத்துடன், கனவுகள் மிகுந்து வரும் ரெம் உறக்கத்தில் உடல் தசைகள் இயல்பாகவே செயலிழந்து கிடக்கும். மனம் விழித்திருக்கையில் அந்த நிலை வந்தால், பேச்சு வழக்கில் அமுக்குவான் என்று சொல்லப்படும் அனுபவம் நேரலாம். மார்பில் பாரம், காதில் இரைச்சல், அறையில் யாரோ நிற்பதான உணர்வு என்று அது வரும். அதனால் உடலுக்குத் தீங்கில்லை, சற்று நேரத்தில் தானே விலகிவிடும் என்றாலும், எதிர்பாராமல் முதல் வாரத்திலேயே அதைச் சந்திப்பவர் மறுமுறை முயல்வதற்குத் தயங்குவது இயல்பு.

இனி மைல்ட். 1980-இல் லாபெர்ஜ் தம்மையே சோதனைப் பொருளாகக் கொண்டு விவரித்த முறை இது. கடைக்குப் போகும்போது இன்னதை வாங்க மறக்கக்கூடாது என்று மனத்தில் முடிந்துவைத்து, கடையைக் கண்டதும் அது நினைவுக்கு வருகிறதல்லவா, அந்த நினைவாற்றலையே கனவுக்குப் பயன்படுத்துகிறோம். செய்முறை எளிது. கனவிலிருந்து விழித்ததும் அதை முழுமையாக நினைவுகூர வேண்டும். பிறகு, அடுத்த முறை கனவு காணும்போது, கனவு காண்கிறேன் என்பதை நினைவுகொள்வேன் என்று பொருள் உணர்ந்து சொல்லிக்கொள்ள வேண்டும். அதன்பின் சற்றுமுன் கண்ட கனவுக்குள் மீண்டும் இருப்பதாகக் கற்பனை செய்து, அதில் இயல்புக்கு மாறாக இருந்த ஒன்றைக் கண்டதும், இது கனவு என்று தெளிவதாகப் பாவிக்க வேண்டும். உறக்கம் வரும்வரை இதுவே.

கற்பனைப் பகுதியில்தான் இந்த முறையின் உயிர் இருக்கிறது; பலரும் அதை விட்டுவிட்டு வாக்கியத்தை மட்டும் மந்திரம்போலச் சொல்கிறார்கள். என் கனவுகளில் மாடிப்படிகள் அடிக்கடி வரும். ஏறிக்கொண்டே இருப்பேன், படிகள் முடியாது, கைப்பிடிச் சுவர் எங்கோ ஓரிடத்தில் காணாமல் போயிருக்கும். குறிப்பேட்டில் இது திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருப்பதைக் கண்டபின், அதிகாலையில் மீண்டும் படுக்கும்போது அந்தப் படிகளில் நிற்பதாகவே கற்பனை செய்தேன்: உள்ளங்கை சுவரின் சொரசொரப்பைத் தடவிக்கொண்டே போகிறது, திடீரென்று அங்கே சுவர் இல்லை, அந்த வெறுமையில் கை நிற்கும்போதே, இது கனவு என்று சொல்கிறேன். ஒரு விடியற்காலையில் கை அப்படி நின்றபோது அந்த வாக்கியம் நான் அழைக்காமலே வந்தது. படிகளின் சிமெண்டு நிறம்கூடத் துலக்கமாகத் தெரிந்தது. மகிழ்ச்சியில் மனம் துள்ளியதும் காட்சி மங்கத் தொடங்கியது. அப்படி மங்கும்போது கனவிலேயே இரு கைகளையும் தேய்த்துக்கொள்வது காட்சியை நிலைநிறுத்த உதவும் என்பது பலகாலமாகச் சொல்லப்பட்டு வரும் யோசனை. எனக்கு அது பெரும்பாலும் உதவியிருக்கிறது.

மைல்டுக்கும் ஒரு விலை உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. இரவில் ஒவ்வொரு உறக்கச் சுற்றும் ஏறத்தாழ 90 நிமிடங்கள் நீடிக்கும் என்பதும், விடியலை நெருங்க நெருங்க ரெம் பகுதி நீளும் என்பதும் தெரிந்ததே. எனவே படுத்த உடனே மைல்ட் செய்வதில் பயன் குறைவு. ஐந்து மணி நேரம் உறங்கியபின் எழுந்து செய்யும்போதுதான் அது சரியான இடத்தில் விழுகிறது. அலாரம் வைத்து எழுவது உறக்கத்தில் கை வைப்பதுதான். ஆனால் இங்கேதான் மைல்ட் மற்றவற்றிலிருந்து விலகி நிற்கிறது. வைல்டில் உறக்கம் நம் எதிராளி. மைல்டில் உறக்கம் நம் கூட்டாளி. ஆஸ்பியின் ஆய்வில் மைல்ட் பயிற்சியை முடித்து ஐந்து நிமிடங்களுக்குள் உறங்கிவிட்டவர்களுக்கு வெற்றி விகிதம் ஏறத்தாழ 46 சதவீதமாக உயர்ந்தது. அதாவது, விரைவாகவும் நன்றாகவும் மீண்டும் உறங்குவதே முறையின் வெற்றிக்குத் துணை நிற்கிறது. நன்றாக உறங்கினால் தெளிகனவுக்கு வாய்ப்பு. அது வராவிட்டாலும் உறக்கம் மிச்சம். தோற்ற இரவு இப்படிக் கையில் ஏதோ ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போவது நிஜச் சோதனையைத் தவிர வேறெதிலும் இல்லை, அதிலோ பலன் தாமதம்.

இதனால்தான் நான் அலாரத்தை விடுமுறை நாட்களுக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன். மற்ற இரவுகளில் இயல்பாக விழிப்பு வந்தால், அந்த இரண்டு மூன்று நிமிடங்களை மைல்டுக்குக் கொடுக்கிறேன். வராவிட்டால் ஒன்றும் செய்வதில்லை. இப்படிச் செய்தால் எண்ணிக்கை குறையும் என்பது உண்மை. ஆனால் பயிற்சி மாதக்கணக்கில் அறுபடாமல் நிற்கிறது. இந்தக் கலையில் காலம் கூடக்கூடத்தான் கை படிகிறது. எழுந்தபின் விளக்கைப் பளிச்சென்று போடுவதும் கைபேசியை எடுப்பதும் அந்த ஐந்து நிமிட வாய்ப்பை வீணாக்கும் என்பதையும் சொல்ல வேண்டும்.

கருவிகளைப் பற்றிச் சுருக்கமாக: கண்களின் அசைவை உணர்ந்து, ரெம் உறக்கத்தில் மெல்லிய ஒளியைப் பாய்ச்சும் முகமூடிகள் 1990-களிலிருந்து கிடைக்கின்றன. ஒளி கனவுக்குள் மின்னலாகவோ வாகன விளக்காகவோ புகும். அதைக் குறியாக அறியும் மனம் நமக்கு முன்பே பழகியிருக்க வேண்டும். அந்த மனத்தைப் பழக்குவது மீண்டும் மைல்ட்தான். இவற்றை நான் நீண்டகாலம் பயன்படுத்தியதில்லை; முகத்தில் பட்டையோடு உறங்க முடிந்தவர்களின் அனுபவம் வேறாக இருக்கலாம். காலண்டமைன் என்ற மருந்தின் கதை வேறு. லாபெர்ஜும் உடன் ஆய்வாளர்களும் 121 பேரிடம் நடத்தி 2018-இல் வெளியிட்ட ஆய்வில் வெற்று மாத்திரைக்கு 14 சதவீதம், 4 மில்லிகிராமுக்கு 27 சதவீதம், 8 மில்லிகிராமுக்கு 42 சதவீதம் என்று விளைவு ஏறியது. அந்த ஆய்விலும் மருந்தோடு மைல்ட் பயிற்சியும் சேர்ந்தே இருந்தது. எண்கள் ஈர்ப்பவைதான், ஆனால் இது அல்சைமர் நோய்க்குத் தரப்படும் மருந்து, குமட்டலும் உறக்கமின்மையும் வரலாம், இதயத் துடிப்பைக் குறைக்கவும் கூடும். மருத்துவரைக் கேளாமல் தொடக்கத்திலேயே இதைத் தேடுவது வேண்டாம்.

இருவகையினருக்கு மட்டும் என் பரிந்துரை பொருந்தாது. இரவில் ஒருமுறை விழித்தால் மீண்டும் உறங்க ஒரு மணி நேரமாகும் என்பவர்கள் அலாரத்தைத் தொடவே வேண்டாம். அவர்களுக்குக் குறிப்பேடும், பொறுமையான நிஜச் சோதனையும், தானே விழிக்கும் வேளையில் மட்டும் மைல்டும் போதும். நிஜத்தையும் நினைப்பையும் பிரித்தறிவதில் முன்பு மனநலச் சிக்கல் இருந்தவர்கள், எந்த முறையையும் தொடங்குமுன் தம் மருத்துவரிடம் பேசிவிட வேண்டும். வைல்டின் மீது ஆசை விடாதவர்கள் அதைப் பகல் தூக்கத்தில் முயலலாம். அங்கே தோற்றாலும் ஒரு குட்டித் தூக்கம்தான் போகும், இரவு கெடாது.