அம்மாவின் முழங்காலும் மாமாங்கத்துப் படிகளும்

வைகாசியில் ஊருக்குப் போனபோது மட்டக்களப்பு ஆரையம்பதி வீட்டு விறாந்தையில் முதலில் கண்ணில் பட்டது அம்மாவின் வோக்கர். அதில் துவாயும் சேலையும் காய்ந்துகொண்டிருந்தன. முழங்கால் மாற்றுச் சத்திரசிகிச்சை முடிந்து அது ஐந்தாவது வாரம். அம்மா உள்ளே கட்டிலில் படுத்திருந்தா. வெட்டின காலின் முழங்காலுக்குக் கீழே ஒரு தலையணை.

சத்திரசிகிச்சை நடந்தது வேறு மாவட்டத்தில், ஒரு தனியார் மருத்துவமனையில். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, காயம் நன்றாக ஆறியிருந்தது. ஆனால் வீட்டுக்கு அனுப்பும்போது பயிற்சிகள் என்று கையில் கொடுத்தது ஆங்கிலத்தில் அச்சடித்த ஒரு தாள். எத்தனை தரம் செய்வது, எவ்வளவு நோ வரலாம், எந்த நோவுக்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்படத் தேவையில்லை என்று யாரும் இருந்து சொல்லவில்லை. மூன்றாம் நாள் நொந்ததும் அம்மா நிறுத்திவிட்டா. தையல் பிரிந்துவிடுமோ என்ற பயம். தங்கச்சிக்கும் அதே பயம்தான். "நீங்க எழும்பாதீங்கம்மா" என்று சோறு, தேத்தண்ணி எல்லாம் கட்டிலுக்கே போனது. நானும் கனடாவிலிருந்து ஒவ்வொரு நாளும் "நல்லா ரெஸ்ட் எடுங்க" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அடுத்த திங்கட்கிழமை ஆட்டோ பிடித்து, அரச வைத்தியசாலை ஒன்றின் இயன் மருத்துவப் (பிசியோதெரபி) பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இரண்டு மணி நேரம் இருக்க வேண்டியிருந்தது. காசு ஒரு சதமும் இல்லை. அங்கிருந்த மிஸ் அம்மாவின் காலை மெதுவாக மடக்கிக் கோணம் அளந்தா. 68 பாகை. தலையணைக் கதையைக் கேட்டதும் முகம் மாறிவிட்டது. முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்தால் அப்போதைக்குச் சுகமாக இருக்கும், ஆனால் கால் வளைந்தபடியே இறுகி, பிறகு நேராக நீட்ட முடியாமல் போகும். உயர்த்த வேண்டுமென்றால் குதிக்காலுக்குக் கீழே ஒரு துவாயைச் சுருட்டி வைக்க வேண்டும். பாசத்தில் செய்தது இப்படி ஆகுமென்று தங்கச்சிக்கு எப்படித் தெரியும்?

அப்புறம் மிஸ் கேட்ட ஒரு கேள்விதான் எல்லாவற்றையும் மாற்றியது. "அம்மா, கால் சரியானா முதல்ல எங்க போவீங்க?"

அம்மா யோசிக்கவே இல்லை. மட்டக்களப்பு மாமாங்கேஸ்வரர் கோயிலைத்தான் சொன்னா. "மாமாங்கத்துக்கு. ஆடி அமாவாசைக்குத் தீர்த்தமாடோணும். எங்கட அப்பாக்கு நான் ஒரு வருசமும் விட்டதில்ல."

"அப்ப குளத்துப் படியால இறங்கோணும். அதுக்குக் கால் 90, 100 பாகையாவது மடங்கோணும். இப்ப 68."

அதுவரை அம்மாவுக்குப் பயிற்சி என்பது டொக்டருக்காகச் செய்யும் வேலை. அன்றைக்குத்தான் அது அம்மாவின் சொந்த வேலையானது. வீட்டுக்கு வந்ததும் சேலையை எடுத்துவிட்டு வோக்கரைத் தரச் சொன்னா.

மிஸ் அந்தத் தாளை மூலையில் வைத்துவிட்டு நான்கே நான்கு பயிற்சி சொல்லிக் கொடுத்திருந்தா. பாதத்தை மேலும் கீழும் ஆட்டுவது, தொடைத் தசையை இறுக்கி ஐந்து வரை எண்ணுவது, குதியைக் கட்டிலில் இழுத்து முழங்காலை மடக்குவது, காலை நேராகத் தூக்குவது. ஒவ்வொன்றும் பத்துத் தரம், நாளுக்கு மூன்று வேளை. நேரத்தை மணிக்கூட்டில் வைக்கவில்லை. காலைத் தேத்தண்ணிக்குப் பிறகு, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன், விளக்கு வைத்த பிறகு. இப்படிச் சொன்னால் அம்மா மறக்கமாட்டா. எழுதித் தந்த நோ மாத்திரையைப் பயிற்சிக்கு அரை மணி நேரம் முன்னால் போடுவது, முடிந்ததும் துணியில் சுற்றிய ஐஸை 15 நிமிடம் வைப்பது. இழுக்கிற நோ வரத்தான் செய்யும். கெண்டைக்கால் வீங்கி நொந்தாலோ, மூச்சு முட்டினாலோ, காயம் சிவந்து காய்ச்சல் வந்தாலோ மட்டும் உடனே ஆசுபத்திரிக்கு ஓட வேண்டும்.

சுவர்க் கலண்டரில் ஒவ்வொரு வேளைக்கும் ஒரு கோடு. தங்கச்சியின் மகள்தான் கோடு போடுகிற ஆள். சில நாள் அம்மா "நோகுது மனே, இண்டைக்கு விடு" என்பா. அப்போது பத்தை ஐந்தாகக் குறைப்போம், விடுவதில்லை.

அன்று வைத்தியசாலையில் நாங்கள் காத்திருந்த வாங்கில், வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலிருந்து வந்த ஐயா ஒருவர் இருந்தார். இரண்டு பஸ் மாறி வர வேண்டுமாம். இப்படி வருகிறவர்கள் ஒரு கிளினிக்கைத் தவறவிட்டால் அப்படியே விட்டுவிடுகிறார்கள். சத்திரசிகிச்சைக்குப் பிந்திய முதல் மூன்று மாதம் போனால் இறுகின மூட்டை மறுபடி இளக்குவது பெரும் பாடு. எல்லா மருத்துவமனையும் தமிழில் படம் போட்ட ஒரு தாளும், கிழமைக்கு ஒரு தொலைபேசி அழைப்பும் கொடுத்தாலே எத்தனையோ கால்கள் தப்பும்.

நான் கனடா திரும்பும்போது அம்மாவின் கால் 94 பாகை மடங்கியது. இப்போது எனக்கு இரவு எட்டு மணி, அம்மாவுக்கு விடிய ஐந்தரை. வீடியோ அழைப்பில் வாசல் படியில் பழகுகிறா. ஏறும்போது நல்ல கால் முன்னுக்கு, இறங்கும்போது வெட்டின கால் முன்னுக்கு. நேற்று மூன்று படியும் கைபிடித்து இறங்கிவிட்டு, "அமாவாசைக்கு இன்னும் எத்தனை நாள் மனே?" என்று கேட்டா.