கற்றாழையா, பிரண்டையா, பருப்புக்கீரையா: குமரி மண்ணில் வறட்சியை எது எப்படித் தாங்குகிறது?

தண்ணீர் அதிகம் கேட்காத செடி எது என்றால் எல்லாரும் கற்றாழையைத்தான் காட்டுவார்கள். கேட்பவர் வீடு மழை கூடுதலான குலசேகரத்திலா, காற்று வீசும் ஆரல்வாய்மொழியிலா, கடலோரக் குளச்சலிலா என்று பார்க்காமல் அப்படிச் சொல்லிவிடக் கூடாது. சதைப்பற்றுள்ள செடிகள் எல்லாம் வறட்சியை ஒரே வழியில் சமாளிப்பதில்லை. இலைத்துளையை எந்த நேரத்தில் திறக்கிறது என்பதில்தான் செடிக்குச் செடி வேறுபாடு.

நெல், வாழை, ரப்பர் எல்லாம் பகலில் துளையைத் திறந்து கரியமில வாயுவை எடுப்பவை. ஒரு கிராம் வாயு எடுப்பதற்குள் 400 முதல் 500 கிராம் வரை தண்ணீர் ஆவியாகிப் போய்விடும். இது சி3 முறை. சி4 முறையில் இயங்கும் கரும்புக்கும் மக்காச்சோளத்துக்கும் அது 250 முதல் 300 கிராம். கற்றாழை வகைக்கு 50 முதல் 100 கிராம் போதும். ‘கேம்’ என்று சொல்லப்படும் முறை இது. இரவில் துளை திறந்து வாயுவை எடுத்து, மாலிக் அமிலமாக மாற்றி, செல்லுக்குள் இருக்கும் பையில் சேர்த்துவைக்கும். விடிந்ததும் துளையை மூடிக்கொண்டு அந்த அமிலத்தை உடைத்து, வெயிலின் உதவியால் சர்க்கரை செய்யும். இதே முறையில் இயங்கும் ரணகள்ளியின் இலை காலையில் புளிப்பதும் நண்பகலில் சப்பென்று ஆவதும், கிழக்கிந்தியக் கம்பெனியில் தாவரவியலாளராக இருந்த பெஞ்சமின் ஹெய்ன் எழுதி 1815-இல் அச்சான கடிதத்திலேயே இருக்கிறது. நீங்கள் அந்த இலையைத் தின்று பார்க்க வேண்டாம். இதயத்தைப் பாதிக்கும் நச்சுப்பொருள் அதில் உண்டு.

இந்தச் செடிகள் இரவில் ஆக்சிஜன் தரும், படுக்கையறையில் வையுங்கள் என்று சொல்லி விற்கிறார்கள். அது தவறு. இரவில் நடப்பது வாயுவை உள்ளே எடுப்பது மட்டும்தான். ஆக்சிஜன் வெளிச்சம் இருந்தால்தான் உண்டாகும்.

கற்றாழை முழுநேரக் கேம் செடி. தண்ணீர் தாராளமாக இருந்தாலும் முறையை மாற்றாது. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் காற்றுக்கு இதைவிடப் பொருத்தமான செடி வேறு இல்லை. பகல் முழுக்கத் துளை மூடியிருப்பதால் காற்று எவ்வளவு வீசினாலும் இலையிலிருந்து பெரிதாக ஈரத்தைப் பறிக்க முடியாது. குறை இரண்டு. ஓர் இரவில் பை கொள்ளும் அமிலம்தான் மறுநாளைய முதல், அதனால் வளர்ச்சி மெதுவாகத்தான் இருக்கும். அடுத்தது, இரவு குளிர்ந்தால்தான் அமிலம் நன்றாகச் சேரும். பகலெல்லாம் காய்ந்த மொட்டைமாடித் தளம் இரவிலும் சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும். தொட்டியைத் தளத்தில் அப்படியே வைக்காமல் இரண்டு செங்கல் மேல் ஏற்றி வையுங்கள்.

மாதக்கணக்கில் தண்ணீர் கிடைக்காவிட்டால் கற்றாழை இரவிலும் துளையைத் திறக்காது. தான் சுவாசித்து விடும் வாயுவையே திரும்பப் பயன்படுத்தி உயிரை மட்டும் பிடித்துவைத்திருக்கும். மடல் மெலிந்து, நுனி சிவந்து சுருளும். பார்க்க உயிரோடு இருக்கும், ஆனால் வளர்ச்சி இருக்காது. ஆனாலும் நம் ஊரில் கற்றாழை சாவது வறட்சியால் அல்ல, ஆனி ஆடிச் சாரலிலும் ஐப்பசி அடைமழையிலும்தான். நீர் தேங்கினால் வேருக்குக் காற்று கிடைக்காது. பூஞ்சை ஏறி, அடித்தண்டு கூழாகிவிடும். தோட்டமண் ஒரு பங்கு, ஆற்றுமணல் ஒரு பங்கு, மட்கிய உரம் அரைப் பங்கு கலந்தால் நீர் நன்றாக வடியும். கடற்கரை மணலில் உப்பு இருக்கும், சேர்க்காதீர்கள். மேல்மண் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்குக் காய்ந்த பிறகே ஊற்றுங்கள். மழை மாதங்களில் ஊற்றவே வேண்டாம்.

மேற்கே இளம் ரப்பருக்கு ஊடே போடும் கைதச்சக்கையும் (அன்னாசி) கேம் செடிதான். முதல் மூன்று நான்கு வருடம் நன்றாக வரும், ரப்பர் நிழல் கூடியதும் நின்றுவிடும். அமிலத்தை உடைக்க மட்டுமல்ல, அடுத்த இரவுக்கு வேண்டிய சர்க்கரையைச் சேர்க்கவும் அதற்குப் பகல் வெளிச்சம் வேண்டும்.

பிரண்டை வேலையைப் பிரித்துக்கொள்கிறது. தண்டு கேம் முறையில் இயங்கும், இலை பெரும்பாலும் சாதாரணச் செடியைப் போல. மழையில் இலை விட்டு வேகமாக வளரும். காய்ந்தால் இலையை உதிர்த்துவிட்டுத் தண்டோடு நிற்கும். வருடத்துக்கு இரண்டு மழை பெறும் நாகர்கோவில் சுற்றுவட்டாரத்துக்குக் கற்றாழையைவிட இதுவே லாபம் என்பது எங்கள் முடிவு. இலை உதிர்ந்ததும் செடி சாகிறது என்று பயந்து தண்ணீரைக் கொட்டாதீர்கள். உதிர்ந்தால்தான் அது பிழைக்கும். மூன்று கணுத் துண்டை நிழலில் இரண்டு மூன்று நாள் காயவைத்து, ஒரு கணு மண்ணுக்குள் போகும்படி வேலியோரம் நடுங்கள். துவையலுக்கு இளந்தண்டு போதும். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு நாரை உரியுங்கள், இல்லையென்றால் அரிக்கும். திருகுகள்ளியும் இப்படித்தான் பிரித்து வாழ்கிறது, ஆனால் அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து. குழந்தைகள் உள்ள வீட்டில் வைக்க வேண்டாம்.

மூன்றிலும் வியக்கவைப்பது பருப்புக்கீரைதான். ஈரம் இருக்கும்வரை கரும்பைப் போல சி4 முறையில் வேகமாக வளரும். காய்ந்ததும் கேம் முறையையும் சேர்த்துக்கொள்ளும். மறுபடி தண்ணீர் கிடைத்தால் சில நாட்களில் பழையபடி ஆகிவிடும். இந்த இரண்டும் ஒரே செல்களுக்குள் பின்னிப்பிணைந்து நடப்பதாக யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022-இல் காட்டினார்கள். உப்பையும் ஓரளவு தாங்கும் என்பதால் முட்டம், குளச்சல் பக்கத்துத் தோட்டங்களுக்கு இதைத்தான் சொல்வோம்.

விதை மிகப் பொடி. மணலோடு கலந்து மேலாகத் தூவுங்கள், மண்ணைப் போட்டு மூடாதீர்கள், முளைக்க அதற்கு வெளிச்சம் வேண்டும். நிழலில் தண்டு நீண்டு இலை சிறுத்துப்போகும். இரண்டு தொட்டியில் வளர்த்து, ஒன்றுக்கு மட்டும் ஒரு வாரம் தண்ணீரை நிறுத்திப் பாருங்கள். காய்ந்த தொட்டியின் இலை காலை ஆறு மணிக்கு நன்றாகப் புளிக்கும், மாலை ஐந்து மணிக்கு அந்தப் புளிப்பு இறங்கியிருக்கும். பருப்புக் கூட்டுக்கு மாலையில் பறியுங்கள், புளிப்பு பிடிக்கும் என்றால் விடியலில் பறியுங்கள். ஆக்சலேட் அதிகம் உள்ள கீரை என்பதால் சிறுநீரகக் கல் உள்ளவர்கள் குறைத்துக்கொள்வது நல்லது. நீண்ட வறட்சியில் சீக்கிரமே பூத்து விதை கொட்டும். காய் வெடிக்கும் முன் தண்டோடு அறுத்துவிடுங்கள், இல்லையென்றால் அடுத்த மழையில் பக்கத்துப் பாத்தி முழுக்க முளைத்து நிற்கும்.