சுகர் மெஷின் வாங்கும் முன் ஸ்ட்ரிப் எங்கே கிடைக்கும் என்று கேளுங்கள்

எங்கள் ஆத்தாவுக்கு 71 வயது, பள்ளத்தூர் வீட்டில் இருக்கிறார், காலையும் இரவும் இன்சுலின். நான் காரைக்குடியில். 2 வருஷத்தில் 2 சுகர் மெஷின் வாங்கியாயிற்று. முதல் தடவை மெஷின் விலையை மட்டும் பார்த்து வாங்கிவிட்டேன், தெரிந்தவர்கள் பலரும் அப்படித்தான் வாங்குகிறார்கள், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதல் மெஷின் ஆன்லைன் சலுகையில் வந்தது, கூடவே ரத்தத் துளியைத் தொட்டுப் பார்க்கிற ஸ்ட்ரிப் 25. கம்பெனி பெயர் வேண்டாம். ஸ்ட்ரிப் தீர்ந்த பிறகு தேடினால் பள்ளத்தூரில் இல்லை, காரைக்குடியில் நான் ஏறி இறங்கிய நாலு மெடிக்கலிலும் இல்லை, வேறு கம்பெனி ஸ்ட்ரிப்போ இந்த மெஷினில் வேலைக்கு ஆகாது. ஆன்லைனில் போட்டு நாலு நாள் காத்திருந்தோம். அந்த நாலு நாளில் ஒரு விடியற்காலை ஆத்தாவுக்கு உடம்பெல்லாம் வேர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறியது. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துத் தெளிந்துவிட்டது, ஆனால் சர்க்கரை அளவு 70க்குக் கீழே இறங்கிவிட்டதா என்று பார்க்க வீட்டில் ஒரு ஸ்ட்ரிப் இல்லை. இன்சுலின் போடுகிறவர் வீட்டில் அப்படி இருக்கவே கூடாது.

அடுத்த தடவை மெடிக்கலில் நான் மெஷினைப் பற்றிக் கேட்கவே இல்லை. எந்த ஸ்ட்ரிப் வருஷம் முழுக்க இருக்கும் என்று மட்டும் கேட்டேன். "அக்யூ-செக்கும் ஒன் டச்சும் எப்பவும் இருக்கும்ணே, மத்ததுக்குச் சொல்லி வைக்கணும்" என்றார் கடைக்காரர். அக்யூ-செக் இன்ஸ்டண்ட் வாங்கினேன். மிகச் சின்னத் துளி ரத்தம் போதும், 4 வினாடிக்குள் எண் வந்துவிடும், பக்கத்திலேயே நிறத்தில் குறி இருப்பதால் கண்ணாடி போடாமலே ஆத்தாவுக்குக் கூடுதலா குறைவா என்று தெரிகிறது. ஒரு நாள் லேபில் ரத்தம் கொடுத்த கையோடு இதிலும் பார்த்தோம், லேப் 132, மெஷின் 141. வீட்டு மெஷினுக்கான ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தரமே 100க்கு மேல் 15 சதவீதம் வரை வித்தியாசத்தை ஏற்கிறது, அதனால் இந்த 9க்காகக் கவலைப்படவில்லை.

செலவுதான் முக்கியம். எந்த மெஷினானாலும் ஒரு தடவைதான் காசு, ஸ்ட்ரிப்புக்கு மாதா மாதம். 50 ஸ்ட்ரிப் ஆயிரம் ரூபாய்க்கு முன்னே பின்னே, அதாவது ஒரு குத்துக்கு 20 ரூபாய். தினம் 2 தடவை என்றால் மாதம் 1200. 2025 செப்டம்பர் 22 முதல் மெஷினுக்கும் ஸ்ட்ரிப்புக்கும் ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகிவிட்டது, பில்லில் அதைப் பாருங்கள். காலாவதி தேதியையும் பாருங்கள், தள்ளுபடி என்று 3 டப்பா சேர்த்து வாங்கி அதில் ஒன்று வீணானால் லாபம் எங்கே? சில கம்பெனி ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்த சில மாதத்துக்குள் முடித்துவிட வேண்டும், மாதம் நாலைந்து தடவை மட்டும் பார்க்கிற மாத்திரைக்காரர்கள் 25 ஸ்ட்ரிப் உள்ள சின்ன டப்பா வாங்குவதே நல்லது.

காசு கொடுத்து வாங்கிய ஸ்ட்ரிப் வீணாகும் வழிகளையும் சொல்லிவிடுகிறேன். போன வைகாசியில் மத்தியானச் சாப்பாட்டுக்கு 2 மணி நேரம் கழித்து ஆத்தாவுக்குப் பார்த்தால் 286. எனக்கு நெஞ்சு திக்கென்றது. "நான் வாயில வைக்கவே இல்லையேப்பா, பேரனுக்கு நறுக்கித்தான் குடுத்தேன்" என்றார். மாம்பழம்! விரலில் பழச்சாறு காய்ந்து கிடந்திருக்கிறது. சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, வேறு விரலில் குத்தினோம், 164. முதல் எண்ணை நம்பியிருந்தால் என்ன செய்திருப்போமோ.

அப்புறம் வெயில். இந்த ஸ்ட்ரிப் டப்பாவில் 30 டிகிரிக்கு மேல் வைக்காதே என்று போட்டிருக்கிறது, நம் ஊரில் பங்குனி பிறந்தாலே அது கஷ்டம். காரில் விட்டுவிட்டுப் போகக் கூடாது, அடுப்படியிலும் வேண்டாம், ஃபிரிட்ஜிலும் வேண்டாம், ஈரம் இறங்கிவிடும். முற்றத்தைத் தாண்டி உள்ளே இருக்கிற இருட்டறைதான் எங்கள் வீட்டில் இடம், அந்தக் கனத்த சுண்ணாம்புச் சுவருக்குள் மத்தியானம்கூடக் குளிர்ச்சியாக இருக்கும். ஸ்ட்ரிப்பை எடுத்த உடனே மூடியை அழுத்தி மூட வேண்டும்.

செலவைக் குறைக்க டாக்டரிடமே கேட்டோம். தினமும் வெறும் வயிற்றில் ஒன்று, ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிட்ட பின் ஒன்று, தலை சுற்றினாலோ வேர்த்தாலோ கணக்குப் பார்க்காமல் உடனே ஒன்று என்றார். இது ஆத்தாவுக்குச் சொன்னது, உங்களுக்கு எத்தனை என்று உங்கள் டாக்டரைக் கேளுங்கள்.

மெஷினில் எண்ணெல்லாம் பதிவாகிறது, ஆனாலும் ஆத்தா தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கம் நேரத்தோடு எழுதி வைக்கிறார். போன மாதம் அந்தத் தாள்களைக் கொண்டுபோனோம். விடியற்காலை எண்கள் 74, 69, 78 என்று வரிசையாக இருந்ததைப் பார்த்துத்தான் டாக்டர் இரவு இன்சுலினை 2 யூனிட் குறைத்தார். அதற்குப் பிறகு விடியற்காலை நடுக்கம் வரவில்லை.