கல்லடி வாவி நீரும் செரீன் ஸ்டாக்கரும்

மட்டக்களப்பின் கல்லடிப் பாலத்தடியில் அள்ளிய வாவி நீரில் ஒரு துளியை வழுக்கியில் இட்டு நுணுக்குக்காட்டியால் பார்த்தால், கொப்பிபொட் என்னும் நுண்ணிய நீர்வாழ் ஓட்டுயிரியின் உடல் தெளியும்போது கால்கள் மங்கும். கால்கள் தெளியும்போது உணர்கொம்பு மங்கும். 10 மடங்குப் பொருள்வில்லையில் ஒரே நேரத்தில் தெளிவாகத் தெரியும் தடிப்பு ஏறத்தாழ 9 மைக்குரோமீற்றர்தான். 40 மடங்கில் அது ஒன்றை அண்மித்துவிடும். நுண்செப்பத் திருகைச் சிறிது சிறிதாகத் திருப்பி எடுத்த படங்களை அடுக்கி, எங்கும் தெளிவான ஒரே படமாக்கவே செரீன் ஸ்டாக்கர் என்ற கணினி மென்பொருளை வாங்கினேன். வாங்குமுன் 30 நாட்கள் இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்கலாம்.

இதில் இரண்டு முறைகள் உள்ளன. பீமெக்ஸ், ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் மயிர்களைக்கூடத் தனித்தனியாகக் காட்டும். ஆனால் ஒவ்வொரு படத்திலும் உள்ள பொடிப்புள்ளிகளையும் சேர்த்தே பொறுக்கி, நிறத்தைச் சற்று முரடாக்கிவிடும். டீமெப், நிறத்தையும் மென்மையையும் காப்பாற்றும். மயிர்கள் குறுக்கிடும் இடத்தில் மட்டும் தடுமாறும். எனவே உடலை டீமெப்பில் எடுத்து, கால் மயிர்களை பீமெக்ஸ் படத்திலிருந்து மென்பொருளில் உள்ள தூரிகையால் அதன்மேல் தீட்டுகிறேன். பணம் கொடுத்தது இந்தத் தூரிகைக்காகத்தான் என்றே சொல்வேன்.

சிலிக்காக் கூடுடைய ஒருகல அல்காக்களான டயற்றங்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை தேவை. கொசினோடிஸ்கஸ் என்ற டயற்றத்தின் கூடு கண்ணாடிபோல் ஊடுகாட்டுவதால், மேலோட்டிலிருந்து கீழோடு வரை எல்லாப் படங்களையும் அடுக்கினால் இரு ஓடுகளின் துளைக்கோலங்களும் ஒன்றையொன்று மிதித்து, இயற்கையில் இல்லாத ஒரு கோலம் தோன்றும். மேலோட்டுப் படங்களை மட்டும் தெரிவுசெய்து அடுக்கினால் அறுகோண அறைகள் தேன்கூடுபோல் துலங்குகின்றன.

நீந்தும் உயிரியை எந்த மென்பொருளாலும் அடுக்க முடியாது. ஒரு துளி லூகோல் அயடீன் கரைசலால் அதை அடக்கிய பின்னரே தொடங்க வேண்டும். நமது வெயிலில் வழுக்கி நீர் பத்து நிமிடத்தில் வற்றத் தொடங்கி உயிரியை இழுத்துச் செல்வதால், மூடும் மெல்லிய கண்ணாடியின் ஓரத்தில் வசிலின் பூசிவிடுகிறேன். கமராவின் உணரியில் நான் கவனியாமல் விட்ட ஒரு தூசி, அறுபது படங்களை அடுக்கியபோது வால்நட்சத்திரம்போல் நீண்டுகிடந்தது. அதுவும் அந்தத் தூரிகையால்தான் அழிந்தது.

பணம் செலவிட விரும்பாத மாணவர்களுக்கு, ஜெர்மனிய நுண்ணுயிரியலாளர் ஹெரிபேர்ட் சிப்பியோன்கா எழுதிய பிக்கோலே என்ற அடுக்கும் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. மயிரில்லாத டயற்றங்களுக்கு அதுவே போதும்.